ரொட்டியை நான் வெட்டமாட்டேன்

லிபோவிட்சா, செர்பியா
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகன் நெபோய்ஷாவுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ராத்மிலாவும் கோழிகளும் சுகம். அங்கே கனடாவில், வின்னிபெக்கில், நீயும் மருமகள் ஒலிவேராவும் சுகம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், உன்னைக் கேட்டால் எப்போதும் எல்லாம் சூப்பர் அம்மா என்கிறாய், உனக்கு இந்த உலகத்தில் சூப்பராக இல்லாதது எதுவுமே கிடையாது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் கோழித் தீவனம், மழை, டிராக்டர் பேட்டரி என்று பேசுகிறவரைக்கும் உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி தெளிவாகக் கேட்கிறது. அப்பா என்று நான் வாயைத் திறந்தேனோ இல்லையோ, "அம்மா, கேக்கல, கட் ஆகுது" என்கிறாய். உன் ஊர் டவருக்கு உன் அப்பாமேல் அப்படி என்ன விரோதமோ தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன், இதைக் கட் பண்ண முடியாது. ஒலிவேராவின் அண்ணன் இந்த வாரம் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே சிவப்பு மிளகாய் விழுதும் கம்பளிக் காலுறையும் இருக்கிறது. நீ படித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கல் விஷயம். உன் அப்பாவின் வருஷ நினைவுக்குக் கல் நட்டாயிற்று. நீ போனிலேயே கல் செதுக்குகிற மியோத்ராகிடம் பேசி எல்லாம் ஏற்பாடு செய்கிறாய் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவம், அடக்கத்துக்கு வரமுடியவில்லை, குடியேற்றப் பேப்பர் கைக்கு வராமல் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அது அவன் தப்பில்லை, இதையாவது அவன் கையால் செய்யட்டும் என்றுதான் நினைத்தேன். லாரியில் கொண்டுவந்து நிறுத்தி மியோத்ராக் துணியை விலக்கினான். கதவு உயரத்துக்குக் கறுப்புக் கல். அதில் உன் அப்பா நிற்கிறார், பக்கத்தில் நான் நிற்கிறேன். உன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து அப்படியே முழு உருவம், கையில் கைப்பை வேறு, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி. கீழே ஸ்தொயாங்கா என்று என் பெயர், நான் பிறந்த வருஷம், பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி இடம்.

ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா. நம் இடுகாட்டில் பாதிக் கல்லில் உயிரோடு இருக்கிறவர்களின் முகம்தான், ஆலைக்கார விதவை வாரம்தோறும் வந்து தன் மூக்கைத் தானே துடைத்துவிட்டுப் போகிறாள். ஆனால் அவளாக மனம் ஒப்பி, அவளாகப் போட்டோ எடுத்துக் கொடுத்துச் செய்துகொண்டது அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. மியோத்ராகைப் பிடித்துக் கேட்டால், "பின்னாடி செதுக்கினா கல்லோட நிறம் சேராதுக்கா, ஒரேயடியா முடிச்சிடுங்கன்னு உங்க பையன்தான் சொன்னாரு, பாருங்க, கைப்பையோட கொக்கிகூடத் தெரியுது" என்கிறான். கொக்கி தெரிகிறதாம். ஒரேயடியாக முடித்துவிடச் சொன்னாயாம். உன் அத்தை ராத்மிலா சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு அண்ணி, நேர்ல இருக்கறதைவிட லட்சணமா இருக்கீங்க" என்றாள். அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் பழைய மழைக்கோட்டை எடுத்துப் போய் என் பாதிமேல் போர்த்திவிட்டு வந்தேன், மறுநாள் ராத்மிலா அதை எடுத்துத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அடுத்தது நீ அனுப்பிய கட்டுரை. துக்கத்துக்கு ஐந்து படியாம். முதலில் நடந்ததை நம்பமாட்டோமாம், பிறகு கோபம் வருமாம், பிறகு கடவுளோடு பேரம் பேசுவோமாம், பிறகு சோர்ந்து படுப்போமாம், கடைசியில் சரி என்று ஏற்றுக்கொள்வோமாம். வாரா வாரம் "இப்ப எந்தப் படியிலம்மா இருக்கே" என்று கேட்கிறாய், ரயிலில் போகிறவளிடம் எந்த ஸ்டேஷன் வந்திருக்கிறது என்று விசாரிப்பதுபோல. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் படித்துப் பார்த்தேன். காலையில் அடுப்பு மூட்டும்போது விறகு கொண்டுவரச் சொல்லி உன் அப்பாவைக் கூப்பிட்டுவிடுகிறேன், அது உன் முதல் படி. நானே போய் விறகைத் தூக்கிவரும்போது, மார் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பீப்பாய் பீப்பாயாகப் பிளம் பழத்தை ஊறப்போட்டுவிட்டு, சாராயம் காய்ச்சுகிற கொப்பரைக்குப் பக்கத்திலேயே விழுந்து போனாரே, இந்த மனுஷனை என்ன செய்வது என்று பல்லைக் கடிக்கிறேன், அது இரண்டாவது. நம் வீட்டுப் புனிதர் படத்தைப் பார்த்து, ஒரே ஒரு தடவை கனவில் அனுப்பி வை, அந்தக் கொப்பரையின் குழாயை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்கிறேன், அது மூன்றாவது. மத்தியானம் செருப்போடு கட்டிலில் விழுந்தால் சாயங்காலம்வரை எழுந்திருப்பதில்லை, அது நான்கு. கடைக்குப் போனால் ஒரு ரொட்டி போதும் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அது ஐந்து. நல்லது, கரையேறிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து பையை வைத்ததும், கோழிக்கூண்டைச் சாத்தியாச்சா என்று தோட்டத்தைப் பார்த்துக் கத்துகிறேன். இதில் எந்தப் படியை உனக்குச் சொல்ல. அந்தக் கட்டுரை எழுதினவர் வீட்டில் கோழி வளர்த்திருக்கமாட்டார்.

இங்கே மட்டும் படிக்கட்டு இல்லை என்று நினைத்தாயா. பாதிரியார் நாற்பதாம் நாள், அரை வருஷம், முழு வருஷம் என்று வைத்திருக்கிறார். உன் அத்தை எப்போது கறுப்புத் தலைத்துணியை அவிழ்க்கலாம், எப்போது டிவி போடலாம், எப்போது கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறாள். ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்திருக்கிறேன், பாட்டு என்றுகூடச் சொல்லமுடியாது, ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "அண்ணி, இன்னும் வருஷம் திரும்பல" என்கிறாள். நான் சத்தமாகச் சிரித்தால் குற்றம், பேசாமல் இருந்தால் ஐயோ பாவம், சாப்பிட்டால் எப்படித்தான் இறங்குதோ, சாப்பிடாவிட்டால் உடம்பைக் கெடுத்துக்கறா. இதற்கெல்லாம் நடுவில் நான் அழவில்லை என்று வேறு ஊரில் பேச்சு. அது உண்மைதான். அடக்கத்தன்று வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டேன், நாற்பதாம் நாள் ஆக்கிப் போட்டேன், அரை வருஷத்துக்கு ஆக்கிப் போட்டேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ராத்மிலா எனக்கும் சேர்த்து அழுதாள். உள்ளுக்குள் ஏதோ கட்டையாகிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

வருஷ நினைவு அன்று நடந்ததைக் கேள். கல்லுக்கு முன்னால் மேசை போட்டு, பன்றிக்கறி, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறிச்சோறு, சாராயம் எல்லாம் பரப்பியாயிற்று. பாதிரியார் ஜெபம் சொல்லி, செத்தவர் பேரில் வேகவைத்த கோதுமைமேல் ஒயினைத் தெளித்துவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டார். ராத்மிலா உன்னைப் போனில் கூப்பிட்டு, கல்லை நீ பார்க்கட்டும் என்று கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கோதுமைத் தட்டை ஏந்தி, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் வெலிமிர் பெரியப்பா வந்து சேர்ந்தார், உன் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டு கண்ணிலும் புரை. அடக்கத்தின்போது ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவரும் வரவில்லை. நேராகக் கல்லுக்குப் போனார், தொப்பியைக் கழற்றினார், மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து உன் அப்பா முகத்தைப் பார்த்தார், பிறகு நகர்ந்து என் முகத்தைப் பார்த்தார், தடவினார். பார்த்துவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். "அடப்பாவிகளா, ரெண்டு பேருமே போயிட்டீங்களா, எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வாயில் கறியோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

யாராவது போய்ச் சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் அசையவில்லை. அவர் பாட்டுக்கு உன் அப்பா பக்கம் ஒரு மெழுகுவர்த்தி, என் பக்கம் ஒரு மெழுகுவர்த்தி நட்டார், உன் அப்பாவுக்குக் கொஞ்சம் சாராயம் ஊற்றினார், எனக்குக் கொஞ்சம் ஊற்றினார், நான் குடிக்கமாட்டேன் என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, எனக்குக் குறைத்து ஊற்றினார். "ஸ்தொயாங்கா தங்கமான பொம்பளை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆனா இந்தப் பிடிவாதக்காரனை வெச்சு வேற யாரு குடும்பம் நடத்தியிருப்பா" என்று கல்லிடம் சொன்னார். அதோடு விடவில்லை. "எங்க வீட்டுக்கு வந்தா ரெண்டாவது கிளாஸ் ஊத்த விடமாட்டான் தம்பி டொப்ரிவோயே. அவ தனியா இருப்பாண்ணே, இருட்டினா அவளுக்குப் பிடிக்காது, வெளிச்சம் போறதுக்குள்ள போயிடணும்னு எழுந்துடுவான்" என்றார். எனக்கு இது தெரியாது, நெபோய்ஷா. அண்ணன் காய்ச்சுகிற சாராயம் வாயில் வைக்க விளங்காது, அதனால்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை நம்பி, ஓசிச் சாராயத்தில் என்ன ருசி பார்க்கிறாய் என்று அவரைத் திட்டியிருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியப்பா என்னிடம் திரும்பினார், தட்டிலிருந்து ஒரு கரண்டி கோதுமை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "கடவுள் அவ ஆத்மாவை மன்னிக்கட்டும். நீ யாரும்மா, அவளுக்குச் சொந்தமா" என்று கேட்டார். சொந்தம்தான், ஒரே வீடு என்றேன். சொன்னதுதான் தாமதம், சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க இன்னும் வருகிறது. ராத்மிலா ஓடிவந்து தொடையில் கிள்ளினாள். தட்டு கையைவிட்டு விழுந்து கோதுமையெல்லாம் புல்லில் சிதறிப்போயிற்று. அதைப் பொறுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை, சிரிப்பு எங்கே முடிந்தது அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. உன் அப்பா பெயரைச் சொல்லி மண்ணில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருஷத்து அழுகை. பெரியப்பாவுக்கு விஷயம் புரிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உயிரோடிருக்கிறாயே, உயிரோடிருக்கிறாயே என்று மறுபடி அழுதார். கிள்ளின ராத்மிலா பக்கத்தில் உட்கார்ந்து என் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே அழுதாள். வீட்டுக்கு வந்து முட்டைக்கோஸ் சுருட்டலை ஒரு பானை சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். அவ்வளவும் நடக்கும்போது நீ உன் அத்தை கையில் போனில் இருந்தாய். பெரியப்பா அழ ஆரம்பித்ததும் திரை கறுத்துவிட்டது, சிக்னல் போச்சு என்று ராத்மிலா நினைத்தாள், நான் நினைக்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டாய். நான் அழுது குரல் கட்டிப்போய்ப் பேசுகிறேன், நீ "கல்லுல பாலிஷ் நல்லா இருக்காம்மா, ஓரத்துல கீறல் எதுவும் இல்லையே" என்று கேட்கிறாய். போனைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்று வந்தது. மறுநாள் ஒலிவேரா கடையிலிருந்து, உனக்குத் தெரியாமல், எனக்குப் போன் செய்தாள். இதற்காக அவளைத் திட்டினாயானால் நான் சும்மா இருக்கமாட்டேன், அவளாவது வாயைத் திறந்தாளே. அங்கே உங்கள் கோயில் விருந்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் உன்னைப் பார்த்து அப்பா சௌக்கியமா என்று கேட்டாராம். நீ கொஞ்சமும் தயங்காமல், "நல்லா இருக்காரு, இப்ப சாராயம் காய்ச்சற சமயம், போன்லகூடப் பிடிக்க முடியல" என்றாயாம். பக்கத்தில் நின்ற ஒலிவேரா கையிலிருந்த தட்டைச் சாப்பிடாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டாளாம். அந்த மனிதர் உன் அப்பாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாராம். சொல்லிவிட்டேன். அடுத்த தடவை மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஐந்து படியையும் அனுப்பிவிட்டு, நீ அந்த முதல் படியிலேயே ஒரு வருஷமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய், நெபோய்ஷா. இரவெல்லாம் தூங்குவதில்லை, அடுத்தவன் ஓட்டவேண்டிய லாரியையும் சேர்த்து நீயே ஓட்டுகிறாய் என்று அவள் சொல்கிறாள். அந்தப் பனி ரோட்டை நினைத்து நானும் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஒருத்தரை இழந்தது போதும். பேப்பர் வசந்தகாலத்திலேயே கைக்கு வந்துவிட்டது, வரலாம் என்று ஆகி எவ்வளவு நாளாயிற்று, ஒரு தடவைகூட வருகிறேன் என்று நீ சொல்லவில்லை. கல் அனுப்பினாய், கட்டுரை அனுப்பினாய். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, கோபத்தில்தான் சொல்கிறேன்: எங்கள் இரண்டு பேரையும் ஒரே கல்லில் ஏற்றிவிட்டால் அங்கிருந்தே எல்லாம் முடிந்தது, வந்து பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று உனக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. நீ அறிந்து போட்ட கணக்கு இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் போட்டாய்.

நவம்பரில் நம் வீட்டுப் புனிதர் மிக்கேல் திருநாள் வருகிறது. அப்பன் போனபின் அதை நடத்தி ரொட்டி வெட்டுவது மகனுடைய வேலை, செர்பியாவில் இதை யாரும் உனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. போன வருஷம் சாவு நடந்த வீடு, சூடு ஆறவில்லை, மெழுகுவர்த்தியை நான் ஏற்றினேன், ரொட்டியை நான் வெட்டினேன். இந்த வருஷம் நீ போனில், "நீயே பாத்துக்கம்மா, எப்பவும் போல நடக்கட்டும்" என்கிறாய். எப்பவும் போல என்றால் உன் அப்பா மேசைத் தலைப்பில் நின்று பாதிரியாரோடு சேர்ந்து ரொட்டியைப் பிடித்துச் சுழற்றி வெட்டவேண்டும், அவரை நான் எங்கே போய்க் கூட்டிவர. விதவை வெட்டலாம், தப்பில்லை என்று பாதிரியார் சொல்கிறார். நானே வெட்டுகிறேன், பேச்சை விடுங்கள் என்று ராத்மிலாவின் வீட்டுக்காரர் சொல்கிறார். ராத்மிலா, "பையன் வரமாட்டான் அண்ணி, ஊரு சிரிக்கறதுக்குள்ள யாராவது ஒருத்தர் வெட்டிடுங்க" என்கிறாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். மாவு நான் பிசைவேன், மேலே சிலுவையும் கதிரும் வைத்து நானே சுடுவேன், ஒயின் வாங்கிவைப்பேன், மேசை போடுவேன், விருந்தாளிகள் வருவார்கள். ரொட்டியை நான் வெட்டமாட்டேன், வேறு யாரையும் வெட்டவிடவும் மாட்டேன். நீ வராவிட்டால் அது முழுசாக மேசைமேல் காய்ந்துகொண்டு கிடக்கும், வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். பாதிரியார் வீட்டுத் தலைவன் பெயரைக் கேட்பார், நான் உன் பெயரைச் சொல்வேன், உன் அப்பா பெயரை இறந்தவர்கள் பக்கத்தில் சொல்வேன். அந்த இரண்டு பெயரும் வாசிக்கப்படும்போது நீ அறையில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும், வேறு எதுவும் அனுப்பாதே.

ஒலிவேராவுக்கு என் அன்பு, அவளையும் கூட்டிவா, உங்கள் இருவருக்கும் கடவுள் நல்ல உடம்பையும் வழித்துணையையும் கொடுக்கட்டும், லாரியில் தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கு, காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள். இன்னும் ஒன்று. நம்மில் அப்பன் செத்தால் மகன் நாற்பது நாள் சவரம் செய்யமாட்டான். நீ செய்தி கேட்ட மறுநாள் காலையிலேயே வழக்கம்போல மழித்துக்கொண்டு வேலைக்குப் போனாய் என்று ஒலிவேரா சொன்னாள். போனது போகட்டும், இதைப் படித்த நாளிலிருந்து சவரக்கத்தியைத் தொடாதே. உன் பாஸ்போர்ட் போட்டோவில் முகம் மழமழவென்று இருக்கிறது. பெல்கிரேட் விமான நிலையத்தில் இறங்கியதும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரன் உன் முகத்தையும் போட்டோவையும் மாறிமாறிப் பார்ப்பான், என்ன தாடி என்று கேட்பான். சிக்னல் இல்லை என்று அவனிடம் சொல்லமுடியாது. அவனும் நம் ஆள்தான், ஒரு வார்த்தை சொன்னால் புரிந்துகொள்வான். அப்பா செத்துப்போய்விட்டார் என்று உன் வாயால் அவனிடம் சொல். சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

உன் அம்மா
ஸ்தொயாங்கா